18 கிலோ வரையான குழந்தை ஆசனம்: நாலரை ஆண்டுப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் மகள் பிறந்து ஒரு மாதமானபோது கொழும்பில் வாங்கி ஹட்டனுக்குக் கொண்டுவந்த குழந்தை ஆசனத்தைச் சென்ற மாதம் காரிலிருந்து கழற்றினோம். நான்கு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் அது ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் பாவனையில் இருந்தது. கடைகளில் ‘பேபி சீட்’ என்று கேட்டால் எடுத்துக்காட்டும் இந்தப் பொருளைப் பற்றி, மலைநாட்டு வீதிகளில் ஓடிய அனுபவத்தோடு தமிழில் எழுதப்பட்ட ஒரு வரியைக்கூட வாங்கும் வேளையில் என்னால் காண முடியவில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆசனம் உறுதியானதா, துணி மென்மையானதா என்பவற்றைக் கடையிலேயே தொட்டுப் பார்த்து அறிந்துகொள்ளலாம். அந்த ஆசனம் நம் பிள்ளைக்கு இனிப் போதாது என்று சொல்ல வேண்டிய நாள் எது என்பதைத்தான் எந்தக் கடைக்காரரும் சொல்லித் தருவதில்லை.

தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே நிறை எல்லைக்குள், இதே விதிக்கு அமையப் பல நிறுவனங்கள் ஆசனங்களைத் தயாரிக்கின்றன. நான் சொல்லப்போகும் குறைகளும் நிறைகளும் பெரும்பாலும் அந்த வகைக்கே உரியவை. வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆசனத்தின் முதுகில் ஒட்டப்பட்டுள்ள செம்மஞ்சள் நிற லேபலைத்தான். எங்களுடையதில், குழந்தை ஆசனங்களுக்கான ஐக்கிய நாடுகளின் ஆர்44 விதியின் 04ஆம் திருத்தத்துக்கு அமைய ஒப்புதல் பெற்றது என்றும், 0 முதல் 18 கிலோகிராம் வரை என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தோடு காணப்படும் எண், ஒப்புதல் வழங்கிய நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. இந்த லேபல் இல்லாத, அல்லது கிழிக்கப்பட்ட ஆசனத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பேன். லேபல் இல்லையென்றால் நிறை எல்லை தெரியாது. எல்லை தெரியாத ஆசனத்தில் பிள்ளை எப்போது அதைத் தாண்டியது என்பதும் தெரியாது.

ஆர்44 விதி ஆசனங்களைப் பிள்ளையின் நிறையைக் கொண்டே பிரிக்கிறது. பூச்சியம் என்ற பிரிவு 10 கிலோ வரை, பூச்சியம் பிளஸ் 13 கிலோ வரை, முதலாம் பிரிவு 9 முதல் 18 வரை, இரண்டாம் பிரிவு 15 முதல் 25 வரை, மூன்றாம் பிரிவு 22 முதல் 36 வரை. எங்கள் ஆசனம் பூச்சியம் பிளஸ்ஸையும் முதலாம் பிரிவையும் ஒன்றாகச் சேர்த்தது. அதாவது 13 கிலோ வரை பிள்ளை காரின் பின்புறத்தைப் பார்த்து அமரலாம்; 9 கிலோவுக்கு மேல் முன்புறம் பார்த்து அமர்த்தவும் அனுமதி உண்டு; 18 கிலோவோடு எல்லாம் முடிந்தது. இந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 9 கிலோவானதும் திருப்பியே ஆக வேண்டும் என்றோ, 15 கிலோவானதும் அடுத்த ஆசனத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. கீழ் எல்லை ‘இதற்கு முன் கூடாது’ என்று சொல்கிறது. மேல் எல்லை ‘இதற்குப் பின் கூடாது’ என்று சொல்கிறது. இடையில் கிடைக்கும் காலம் பெற்றோருடைய நிதானத்துக்கு உரியது.

எங்கள் கார் சுசுகி வேகன் ஆர். அதன் பின்னாசனம் முன்னும் பின்னும் நகரக்கூடியது என்பதால், பின்புறம் பார்த்து ஆசனத்தைப் பொருத்தியபோது இடம் போதவில்லை என்ற சிக்கல் எழவில்லை. பின்னாசனத்தை முற்றாகப் பின்னே தள்ளிவிட்டால் முன்னே அமர்பவர் முழங்காலை மடக்கத் தேவையில்லை. ஆசனம் காரின் ஆசனப்பட்டியாலேயே பொருத்தப்படுகிறது. பட்டி செல்லும் வழி இரண்டு நிறங்களால் காட்டப்பட்டிருக்கிறது: பின்புறம் பார்க்கையில் நீலம், முன்புறம் பார்க்கையில் சிவப்பு. முதல் நாள் பொருத்துவதற்கு எனக்கு முக்கால் மணித்தியாலம் சென்றது. பொருத்தியபின், பட்டி செல்லும் இடத்தில் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஆசனம் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. எங்களுடையது கினிகத்தேனை வளைவுகளில் ஏறி இறங்கிய பின்னும் அந்த அளவைத் தாண்டி நகர்ந்ததில்லை. முன்னாசனத்துக்கு எதிரே எயார் பேக் உள்ள வாகனங்களில் பின்புறம் பார்க்கும் ஆசனத்தை முன்னே வைக்கவே கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விரியும் பை, ஆசனத்தின் முதுகை, அதாவது பிள்ளையின் தலைக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதியை, நேரடியாக அடிக்கும்.

மகளுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்னரே உறவினர் எல்லோரும் ஆசனத்தைத் திருப்பச் சொன்னார்கள். பிள்ளைக்கு வெளியே பார்க்க முடியவில்லை, கால் மடங்கிக் கிடக்கிறது, முகம் தெரியவில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அப்போது அவளுடைய நிறை 9 கிலோவை எட்டியிருந்ததால் லேபலின்படி அதில் தவறும் இல்லை. ஆனாலும் திருப்பவில்லை. சிறு பிள்ளையின் தலை உடலோடு ஒப்பிடும்போது மிகப் பெரியது. கழுத்தோ இன்னும் உறுதிப்படாதது. முன்னிருந்து மோதல் நேர்ந்தால், முன்புறம் பார்க்கும் பிள்ளையின் உடலைப் பட்டிகள் பிடித்துக்கொள்ளத் தலை மட்டும் முன்னே வீசப்படும். பின்புறம் பார்க்கும் பிள்ளைக்கோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் முதுகுப் பகுதி ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். 2013இல் நடைமுறைக்கு வந்த புதிய ஆர்129 விதி, 15 மாதம் ஆகும்வரை பிள்ளையைத் திருப்பவே கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல், இரண்டு வயது என்ற பழைய அளவுகோலையே நீக்கிவிட்டு, ஆசனத்தின் எல்லை அனுமதிக்கும்வரை பின்புறம் பார்த்தே அமர்த்துமாறு பரிந்துரைத்தது. கால் மடங்குவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு, அவள் வீட்டில் சோபாவிலும் அப்படித்தான் காலை மடக்கி அமர்கிறாள் என்று காட்டினேன்.

கடைசியில் அவளைத் திருப்பியது இரண்டு வயது நான்கு மாதத்தில், 12.3 கிலோவில். 13 கிலோ வரவில்லை. ஆனால் உச்சந்தலைக்கும் ஆசன விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடம்கூட இல்லாமற் போனது. பின்புறம் பார்த்து அமரும்போது தலையின் உச்சி ஆசனத்தின் மேல் விளிம்புக்குக் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது பொது விதி; எங்கள் கையேட்டிலும் அதற்குத் தெளிவான படம் இருந்தது. நிறை எல்லைக்கு முன் உயர எல்லை வரக்கூடும் என்பதை அன்றே நான் கற்றிருக்க வேண்டும்.

நிறையைத் தொடர்ந்து அறிவதற்கு நம் நாட்டுப் பெற்றோரிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சாதனம் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தரப்படும் பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேடுதான் அது. குடும்ப நல உத்தியோகத்தர் இரண்டு வயதுவரை மாதந்தோறும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை நிறுத்து, அந்தப் புள்ளியை வளர்ச்சி வரைபடத்தில் இடுகிறார். நான் அந்த வரைபடத்தின் குறுக்கே பென்சிலால் இரண்டு கோடுகள் வரைந்தேன்: ஒன்று 13 கிலோவில், மற்றது 18 கிலோவில். ஒவ்வொரு முறை கிளினிக்குக்குப் போய் வரும்போதும் புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையே எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு வயது மூன்று மாதத்தில் அவள் 16.8 கிலோ. இந்த வயதில் பிள்ளைகள் பொதுவாக ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ கூடுவார்கள் என்பதால், எல்லைக்கு இன்னும் ஏழு மாதம் வரை இருக்கிறது என்று கணக்கிட்டு, அடுத்த ஆசனத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கினேன். இந்த வழியை எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன். செலவில்லாதது, பிழை குறைந்தது, திடீரென்று ஒரு நாள் அதிர்ச்சியடையத் தேவையில்லாதது.

வீட்டுத் தராசைப் பற்றி ஒரு வார்த்தை. சமமில்லாத சீமெந்துத் தரையில் வைத்தால் அது அரைக் கிலோவரை கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி நிறுத்து, பிறகு தனியே நிறுத்துக் கழிக்கும் முறையில் பிழை இரண்டு தடவை நேர்கிறது. கிளினிக் சென்று வந்த அன்றே வீட்டிலும் ஒரு முறை நிறுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் இடைப்பட்ட மாதங்களில் வீட்டுத் தராசை நம்பலாம்.

18 கிலோ என்ற எண் எங்கள் வீட்டுக்குப் புதியதன்று. என் அம்மா கொழுந்து பறித்த தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சொல்லி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிலோக் கணக்கில் கழித்துக்கொண்ட நாட்களில் அம்மா எவ்வளவு வருந்தினார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, பிள்ளையை நிறுக்கும்போது உடுப்புக்கும் சப்பாத்துக்கும் கழித்துவிட்டு ‘இன்னும் 18 ஆகவில்லை’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பயணம் போகும் உடுப்போடும் சப்பாத்தோடும் நிறுத்து, அந்த எண்ணையே கணக்கில் எடுத்தேன். மோதலின்போது பட்டிகள் தாங்க வேண்டியது சப்பாத்தோடு சேர்ந்த பிள்ளையைத்தான்.

எல்லை ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார்; 18 என்றால் 19க்கும் தாங்காதா என்பது அவருடைய வாதம். இந்த வகை ஆசனத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது ஆசனத்தின் சொந்தப் பட்டிகள். பிள்ளையின் பாரம் அந்தப் பட்டிகளுக்கும், அவற்றிலிருந்து பிளாஸ்டிக் ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து காரின் ஆசனப்பட்டிக்கும் போகிறது. ஆர்44 விதியின்படி ஆசனத்தை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னிருந்து மோதவிட்டுப் பரிசோதிக்கிறார்கள். அந்த வேகத்தில் மோதுவதென்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, விழுவதற்குச் சமம். அத்தருணத்தில் உடல் தன் நிறையைப் போல் இருபது மடங்கு அழுத்தினால், 18 கிலோப் பிள்ளை பட்டிகளை 360 கிலோவின் பாரத்தோடு இழுக்கும். ஒவ்வொரு கிலோ கூடும்போதும் இன்னும் 20 கிலோ பாரம் சேரும். 19 கிலோவில் பட்டி அறுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தயாரித்தவர் பொறுப்பேற்காத ஓர் இடத்தில் என் மகளை அமர்த்த நான் தயாரில்லை, அவ்வளவுதான். றதல்லைக் குறுக்கு வீதியின் இறக்கத்தில் பிரேக் பிடித்து வாகனம் ஓட்டியவர்களுக்கு 50 கிலோமீட்டர் என்பது எவ்வளவு எளிதில் எட்டப்படும் வேகம் என்று தெரியும்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். நான்கரை வயதுக் கிளினிக்கில் மகள் 17.3 கிலோ. பென்சில் கோட்டுக்கு இன்னும் இடமிருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன். அடுத்த மாதம் லிந்துலையிலிருந்து மாமியாரை அழைத்துக்கொண்டு வரும் வழியில், பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த அவர், “மாப்பிள்ளை, இந்தப் பட்டி தோளுக்கு மேல இருந்து வராம முதுகுப் பக்கமா கீழ இருந்துல்ல வருது, புள்ள வளந்துருச்சு போல இருக்கே” என்றார். தலவாக்கலையில் ஓர் ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். தோள்பட்டிகள் மிக உயர்ந்த துவாரத்தில்தான் கோர்க்கப்பட்டிருந்தன. ஆனாலும் மகளின் தோள் அந்தத் துவாரத்தைவிட இரண்டு விரல் அளவு மேலே போயிருந்தது. முன்புறம் பார்த்து அமரும் பிள்ளைக்குப் பட்டி தோளின் மட்டத்திலிருந்தோ அதற்கு மேலிருந்தோ வர வேண்டும். பின்புறம் பார்க்கும்போது இதற்கு நேர்மாறாக, தோளின் மட்டத்திலிருந்தோ அதற்குக் கீழிருந்தோ வர வேண்டும். முன்புறம் பார்க்கையில் கீழிருந்து ஏறிவரும் பட்டி, மோதலின்போது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பின் மீது பாரத்தை ஏற்றும். உடலையும் கூடுதலாக முன்னே போகவிடும். ஆகவே 17.3 கிலோவிலேயே, லேபலில் எழுதிய நிறை எல்லைக்கு எழுநூறு கிராம் மீதமிருக்கும்போதே, ஆசனம் அவளுக்குப் போதாமற் போய்விட்டது. எத்தனை வாரம் அப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாதது இன்றும் மனதை உறுத்துகிறது. கோட்டை வரைந்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் தோளைப் பார்க்க மறந்தேன். இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தோளையும் காதையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். காதின் மேல் நுனி ஆசனத்தின் மேல் விளிம்பை எட்டினாலும், நிறை எவ்வளவாக இருந்தாலும், அந்த ஆசனத்தின் காலம் முடிந்தது.

பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள வயதைப் பற்றி எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு. எங்கள் பெட்டியில் ‘பிறப்பு முதல் 4 வயது வரை’ என்று பெரிய எழுத்திலும், கிலோ சிறிய எழுத்திலும் இருந்தது. கடையிலும் வயதைத்தான் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளின்படி நான்கு வயதுப் பிள்ளையின் நடுத்தர நிறை 16 கிலோவைச் சற்றுத் தாண்டியது. 18 கிலோ வருவது ஏறத்தாழ ஐந்து வயதில்தான். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இன்னும் பிந்தலாம். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்களாகக் காணப்பட்டனர். நாடளாவிய அளவு 17 சதவீதம். அப்படியான ஒரு பிள்ளையை, நான்கு வயது பிறந்துவிட்டது என்பதற்காக இந்த ஆசனத்திலிருந்து எடுத்து அடுத்த ஆசனத்தில் வைத்தால், அவள் 15 கிலோவைக்கூட எட்டாதவளாக இருக்கக்கூடும். அடுத்த ஆசனத்தின் கீழ் எல்லையே 15தான். வயதை நம்பி முன்கூட்டியே மாற்றும் ஆபத்து, எல்லை தாண்டிய பின்னும் வைத்திருக்கும் ஆபத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. நம் ஊரில் அதுவே அதிகம் நிகழும் என்று நினைக்கிறேன். ஆகவே கடையில் வயதைக் கேட்டால் நிறையைச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் கையேடுகளில் ஒரு வரியாகக் கிடக்கும் இந்த விடயம் நுவரெலியாப் பக்கத்தில் தினசரி விடயம். தடித்த ஜக்கெற்றையோ கம்பளிக் கோட்டையோ அணிவித்து அதன்மேல் பட்டியை இறுக்கினால், பட்டி இறுகியதுபோலத் தோன்றும். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கிவிட, பட்டிக்கும் உடலுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டாகிவிடும். நாங்கள் மெல்லிய சுவெட்டரோடு அமர்த்திப் பட்டியை இறுக்கிவிட்டு, அதன்மேல் போர்வையைப் போர்த்தினோம். தோளருகே பட்டியைக் கிள்ளிப் பார்க்க வேண்டும்; விரல்களுக்குள் மடிப்பு அகப்பட்டால் இன்னும் தளர்வு இருக்கிறது என்று பொருள். இதே குளிர் உடுப்புதான் பட்டி போதவில்லை, பிள்ளை பெருத்துவிட்டாள் என்ற தவறான எண்ணத்தையும் மார்கழி, தை மாதங்களில் உண்டாக்கியது. கோட்டைக் கழற்றிப் பார்த்தால் பட்டி தாராளமாகவே போதியது.

துணி உறை நன்று, ஆனால் இந்தக் காலநிலைக்கு ஏற்றதன்று. மலைப்பாதை வளைவுகளில் மகள் பல தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். உறை கழற்றித் துவைக்கக்கூடியதாக இருந்தது பெரும் உதவி. ஆனால் ஆனி, ஆடி மழையில் ஹட்டனில் அது காய மூன்று நாளாகும்; உறை இல்லாமல் ஆசனத்தைப் பாவிக்கவும் கூடாது. மாற்று உறை தனியாக விற்பனைக்கு இல்லை. பட்டிகளைச் சவர்க்காரத்தில் ஊறவைக்கக் கூடாது, ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்கிறது கையேடு. இரண்டாவது ஆண்டு ஈரக் காற்றில் பட்டிகளில் பூஞ்சணம் பிடித்தபோது வெயிலில் காயவைத்துத் துடைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கால்களுக்கு இடையே உள்ள கொளுவியில் பிஸ்கட் தூள் சேர்ந்து ஒருமுறை சரியாகப் பூட்டாமற் போனது. பூட்டும்போது ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்கவில்லையென்றால் வாகனத்தை எடுக்க வேண்டாம்.

மகள் இப்போது 15 முதல் 36 கிலோவுக்கான, முதுகுள்ள பூஸ்டர் ஆசனத்தில் அமர்கிறாள். இதற்குச் சொந்தப் பட்டி இல்லை. காரின் ஆசனப்பட்டியே பிள்ளையைப் பிடிக்கிறது, பூஸ்டர் செய்வது அந்தப் பட்டியைச் சரியான இடத்தில் போகவைப்பது மட்டுமே. இடுப்புப் பகுதிப் பட்டி வயிற்றில் ஏறாமல் தொடையின் மேற்புறத்தோடு இடுப்பெலும்பில் படிய வேண்டும். குறுக்குப் பட்டி கழுத்தை உரசாமல் தோளின் நடுவே செல்ல வேண்டும். 15 கிலோவானதுமே இதற்கு மாற்றியிருக்கலாம் என்றாலும், அந்த வயதில் அவள் தூங்கினால் பக்கவாட்டில் சரிந்து பட்டிக்கு வெளியே வந்துவிடுவாள் என்பது எங்களுக்குத் தெரியும். முழுப் பயணமும் நேராக அமரத் தெரிந்த பின்னரே பூஸ்டரால் பயன் உண்டு. முதுகில்லாத, வெறும் மணை போன்ற பூஸ்டர்களை 15 கிலோப் பிள்ளைக்கு என்று இன்னும் விற்கிறார்கள். 2017க்குப் பின் அவ்வகைப் புதிய வடிவமைப்புகளுக்கு ஐரோப்பாவில் 22 கிலோவுக்கும் 125 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒப்புதல் வழங்கப்பட்டது.

இந்த மாற்றத்தால் நாங்கள் இழந்த ஒன்றும் உண்டு. இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இருக்கையில் பூஸ்டரைப் பாவிக்கவே முடியாது. அதற்கு இடுப்பும் தோளும் சேர்ந்த மூன்று முனைப் பட்டி வேண்டும். நம் பகுதியில் கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வாடகைக்கு எடுக்கும் பழைய வான்களின் பின் இருக்கைகளில் பெரும்பாலும் இடுப்புப் பட்டிதான் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. பட்டியுள்ள ஆசனத்தைவிட்டுப் பிள்ளை வெளியேறும் நாள் நெருங்கினால், எந்த வாகனத்தில் போகிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நாங்கள் இப்போது அப்படியான பயணங்களுக்கு எங்கள் காரிலேயே பின்தொடர்கிறோம்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் ஆசனங்களைப் பற்றிப் பலர் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன். அமெரிக்க ஆசனங்களில் எல்லை இறாத்தலிலும் எழுதப்பட்டிருக்கும். 40 என்று கண்டால் அது 18 கிலோ, 65 என்று கண்டால் 29.5 கிலோ. இறாத்தலைக் கிலோ என்று வாசித்துவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஆசனம் போதும் என்று தோன்றிவிடும். அத்துடன், அந்த ஆசனங்களைக் காரின் கீழ்க் கொக்கிகளில் மாட்டினால், பிள்ளையின் நிறையும் ஆசனத்தின் நிறையும் சேர்ந்து 65 இறாத்தலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆசனப்பட்டியால் பொருத்த வேண்டும். ஆர்129 விதிக்கு அமைந்த புதிய ஐரோப்பிய ஆசனங்களில் கிலோவுக்குப் பதிலாக உயரம் முன்னே எழுதப்பட்டிருக்கும், ஆனால் உச்ச நிறையும் அதே லேபலில் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே எல்லை.

அன்று 65,000 ரூபாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினோம். நாலரை ஆண்டுக்கு அது நியாயமான விலை. பொருத்தும் உறுதிக்கும் பட்டியின் தரத்துக்கும் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். பெட்டியின் வயதுக் கணக்குக்கும் மாற்று உறை கிடைக்காமைக்கும் குறைப்பேன். தோள்பட்டித் துவாரம் இன்னும் ஒரு படி உயரமாக இருந்திருந்தால் 18 கிலோ என்ற வாக்குறுதியை அது முழுமையாகக் காத்திருக்கும். வாங்க நினைப்பவர்கள் கடையில் மிக உயர்ந்த துவாரம் இருக்கையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, வீட்டில் பிள்ளையை நிலத்தில் அமரவைத்துத் தோள்வரை அளந்து ஒப்பிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

ஆசனம் எந்த மோதலையும் கண்டதில்லை; பிளாஸ்டிக் ஓட்டின் அடியில் உள்ள தயாரிப்புத் திகதியின்படி அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆயுள் உண்டு. உறையைத் துவைத்து, பட்டிகளை மிகத் தாழ்ந்த துவாரத்துக்கு மாற்றி, பொகவந்தலாவையில் இருக்கும் என் தங்கையிடம் அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அவளுடைய மகனுக்கு எட்டு மாதம், 7.9 கிலோ. கையேட்டோடு ஒரு பென்சிலும் ஓர் அளவு நாடாவும் அந்தப் பையில் இருக்கின்றன.